உன் இலையில் கொத்தமல்லி வேண்டாம்

அக்கா,

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் முதலாண்டுப் படையலில் கொத்தமல்லித் துவையல் வைக்கப்போகிறார்கள். இன்று காலை உன் மகள் போனில் சொன்னாள். வைக்கச் சொன்னவர் உன் கணவர். அவரிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பத்திரிகைத் தொழில் பழக்கம் இன்னும் விடவில்லை.

அவள் கூப்பிட்டபோது மயிலாப்பூர் மாடவீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கீரைக்காரம்மா வழக்கம்போல் ஒரு பிடி கொத்தமல்லியைக் கொசுறாகப் பையில் திணித்தார். எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னா சார், சும்மா குட்த்தா கூட வாணான்றே? யார் மேல கோவம்?”

காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். விரல்களில் அந்தப் பச்சை வாசனை ஒட்டியிருந்தது. எனக்கு அது நல்ல வாசனைதான். உனக்கு அப்படி இல்லை.

சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் பாத்திரம் தேய்ப்பது உன் வேலை. ரசம் ஊற்றிய முதல் வாயிலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவாய். “சோப்பு போகலம்மா” என்பாய். “நீ தேச்ச தட்டுதானேடி, ஒழுங்கா அலம்பித் தொலை” என்பாள் அம்மா. அலம்பிவிட்டு வருவாய். மறுபடி ரசம், மறுபடி சோப்பு. அது தட்டில் இல்லை, மேலே மிதந்த தழையில் இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும்தான்.

அதே பழக்கத்தோடு தி.நகருக்கு வாழப் போனாய். அந்த வீட்டில் உனக்குப் போட்ட முதல் சாப்பாடு. உறவெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்க, நீ பாதியில் எழுந்து உன் எவர்சில்வர் தட்டைக் கழுவப் போனாய். கூடம் அமைதியாகிவிட்டது. உன் மாமியார் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “எங்க வூட்டுத் தட்டு அவ்ளோ அழுக்காவா கீது ஒனக்கு?”

திமிர் பிடித்தவள் என்ற பெயர் அன்று வந்தது. அதை அழிக்க நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை நான் வந்தபோது கொத்தமல்லித் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாய். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, வழித்து எடுத்து, உப்பு பார்க்க நாக்கில் வைத்து, உடனே தண்ணீர் குடித்தாய். ஏன் என்றேன். “மூக்க மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாதுடா. ஒருவாட்டி எழுந்தேன் பாரு, போதும்” என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்தான்.

நீ போய்ச் சில மாதங்கள் கழித்து, வேறொரு செய்திக்காக அடையாறில் மரபணு ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியையைப் பார்த்தேன். வந்த வேலை முடிந்ததும் உன் தட்டைப் பற்றிக் கேட்டேன். கொத்தமல்லித் தழைக்கு மணம் தரும் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்களின் வகை சோப்பிலும் உண்டு என்றார். அதை முகர்ந்தறியும் மரபணு சிலரிடம் சற்று மாறியிருக்கும். நமக்கு மணப்பது அவர்களுக்குச் சோப்பாக அடிக்கும். “ஆனா மரபணு மட்டுமே காரணம்னு எழுதிடாதீங்க சார், பழக்கத்துக்கும் பங்கு இருக்கு. உங்க அக்காவ சோதிச்சுப் பாக்காம நான் அடிச்சுச் சொல்லவும் முடியாது” என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். உன்னைச் சோதிக்க இனி வழியில்லை. ஆனால் தட்டை யார் கழுவினாலும் உனக்குச் சோப்பு அடித்தது. அதற்கு நான் சாட்சி.

இதையெல்லாம் இன்று உன் கணவரிடம் சொன்னேன்.

“டேய், கொத்தமல்லித் தொவையல்னா அவளுக்கு உசுரு. முப்பது வருஷம் அவ கையால துன்னவன் நானு. நீ வந்து எனக்குச் சொல்றியா?”

“மாமா, அவ அரைச்சது உங்களுக்கு. அவ ஆசையா தின்னு பாத்திருக்கீங்களா?”

“செத்தவளுக்கு மூக்கு ஏதுடா? போய் வேலையப் பாரு” என்று போனை வைத்துவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பாசத்தோடுதான் வைக்கச் சொல்கிறார். அதுதான் பொறுக்கவில்லை. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அவருக்கு உன் ஆசையாகத் தெரிந்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்து அவ்வளவு காலம் சாப்பிட்டவர், உன் முகத்தை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன் மகளை மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. “அம்மா எங்கிட்ட கூட சொல்லலியே மாமா” என்றாள். துவையல் அரைக்கப்போவது அவள்தான். அப்பா பேச்சை இதுவரை மீறியதில்லை. “சனிக்கிழம சாயங்காலம் காய் வாங்கப் போறேன். அதுக்குள்ள சொல்றேன்” என்றாள்.

இதை எழுதும்வரை அவளிடமிருந்து பதில் இல்லை. சனிக்கிழமை மாலை தெரிந்துவிடும். ஞாயிறு மதியம் உன் படத்துக்கு முன்னால் இலை போடுவார்கள். துவையல் இல்லாவிட்டால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். இருந்தால், உறவெல்லாம் பார்க்க அந்த இலையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவேன், அக்கா. உனக்காக ஒருமுறை அலம்பிக் கொண்டுவந்து வைப்பேன்.