நீலத்தின் மேல் நீலம்

நாள் 214 – 09:10
வியாழனின் நிலா கலிஸ்டோ, தகவல் நிலையம். ஆள்: ஒன்று. பெயர் சூசைமாணிக்கம், ஊர் தூத்துக்குடி, படிப்பு ஐடிஐ எலெக்ட்ரீஷியன். இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் என்னை விஞ்ஞானி என்று நினைத்து எழுந்து நிற்க வேண்டாம். ஆன்டெனா சரி. மின்சாரம் சரி. காற்று சரி. எச்சரிக்கை மணி மட்டும் போன மாதம் ஊமையாகிவிட்டது. புது மணி கப்பலில் வருகிறது, நாள் 241. அதுவரை எந்தக் கோளாறும் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாகத்தான் வரும்.

நாள் 216 – 10:40
திரையின் மேலே ஒரு பட்டை. பேனல் என்பார்கள். அதன் ஓரத்தில் சிவப்புக் கட்டம் போட்டு ‘புதிய வீட்டுக் கடிதம்: 0’. வீடு என்றால் மகள் பிரிசில்லா மட்டும்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். இப்போது பரீட்சை. தெரியும். இருந்தாலும் அந்த சைபர் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை என்னைப் பார்க்கிறது. செட்டிங்கில் அதை மறைக்க வழியில்லை. சிவப்பு கண்ணை உறுத்துகிறது, என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். சைபரைப் பற்றிச் சொல்லவில்லை.

நாள் 217 – 16:05
பதில் குரலாக வந்தது. இரண்டு தடவை கேட்டேன். சரி, ஐந்து தடவை.
“அப்பா, இது லினக்ஸ், யாரு வேணா மாத்திக்கலாம். சோர்ஸ் கோடு, அதாவது புரோகிராமோட மூல எழுத்து, உங்ககிட்டயே இருக்கு. பேனல் ஃபோல்டரைத் திறந்து நிறம் எழுதியிருக்கிற வரியை மாத்துங்க, கம்பைல் பண்ணுங்க, கம்ப்யூட்டர் அதைப் படிச்சு ஏத்துக்கும், அவ்வளவுதான். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுப் போயி, மவுஸைத் தொடாமலே திரும்பி வந்த ஆளுதானே நீங்க. பயப்படாதீங்க.”

நாள் 219 – 11:30
பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மூன்று தடவை கம்பைல் தோற்றது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. நாலாவதில் ஜெயம். பேனலுக்கு எங்கள் வீட்டுச் சுவர் நீலம். சிவப்புக் கட்டத்துக்கும் அதே நீலம். எழுத்துக்கும் அதே நிற எண்ணைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளுமோ என்று ஒரே ஒரு எண் தள்ளிக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. சைபர் போயே போச்சு. என் கல்யாண ஆல்பத்தைக்கூட நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

நாள் 225 – 09:50
திரையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். மூன்று நாளாகத் தலைவலி. அழகை ரொம்பப் பார்த்தால் இப்படித்தான்.

நாள் 226 – 08:20
“அப்பா, நல்லா இருக்கு. என்ன நீலம்னு பார்க்க வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஓரத்துல நீலத்துமேல நீலமா ஒரு எழுத்து இருக்குப்பா. ‘காற்று வடிகட்டி அடைப்பு. உடனே மாற்றவும்.’ அப்பா, அது எத்தனை நாளா இருக்கு?”

நாள் 226 – 12:35
கடிதக் கணக்குக்கும் காற்று எச்சரிக்கைக்கும் ஒரே கட்டம், ஒரே நிறம், ஒரே வரி. நான் ஒன்றை மறைத்தேன், இரண்டும் மறைந்தன. வடிகட்டியைத் திறந்தேன். அடைப்போடு ஓடி ஓடி மோட்டார் கருகிவிட்டது. மாற்று மோட்டார் இல்லை.
தரை நிலையம்: “காற்றைச் சுத்தம் செய்யும் அவசர டப்பா நான்கு உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு நாளுக்கானது. கப்பல் வரும்வரை ஒவ்வொன்றையும் நான்கு நாள் இழுக்கவும். 226, 230, 234, 238. ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. மூன்றாம், நான்காம் நாளில் புத்தி மந்தமாகும்.”
ஏற்கனவே மந்தம்தான் என்று பதில் போட்டேன். அங்கே யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

நாள் 227 – 13:15
“மாத்திட்டீங்களாப்பா? படம் அனுப்புங்க, அப்பதான் நம்புவேன்.”
நாளை மறுநாள் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. தான் சொல்லிக்கொடுத்த வேலையால் இப்படி ஆனது என்று தெரிந்தால் எழுதுவாளா? மறுபடி சோர்ஸ் கோடைத் திறந்து, ஓரத்து எச்சரிக்கையை அழித்தேன். காற்றை அளந்து காட்டும் இடத்தில் அளவை எடுத்துவிட்டு, என் கையால் எழுதினேன்: ‘காற்று: நலம்’. பச்சை நிறம். ஒரே தடவையில் கம்பைல் ஆனது. படம் எடுத்து அனுப்பினேன். பொய்க்கு அரைப்புள்ளி விட்டுப்போகவில்லை.

நாள் 228 – 10:00
“இப்பதான்பா நிம்மதி. போய்ப் படிக்கிறேன்.”
அந்தப் பச்சையை எடுத்துவிட வேண்டும். பார்க்க ஆறுதலாக இருக்கிறது. இருக்கட்டும், ஒரு நாள்.

நாள் 230 – 09:00
இரண்டாம் டப்பா போட்டேன். தெம்பு.

நாள் 233 – 15:40
நட்டை இறுக்க ஸ்பேனரைத் தேடினேன். கையில்தான் இருந்தது. பிரிசில்லா பரீட்சை நன்றாக எழுதினாளாம். எனக்கே மார்க் வந்த மாதிரி இருந்தது.

நாள் 234 – 12:20
மூன்றாம் டப்பா. காலையில் போட வேண்டியது. மறந்துவிட்டேன். இனி மறக்காமல் இருக்க உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்: 238 டப்பா.

நாள் 237
மணி பார்க்கவில்லை. தலை இடி. கை எழுத்தைத் தப்புத் தப்பாக அடிக்கிறது. நாளை கடைசி டப்பா. கப்பல் பக்கம்தான். வந்தால் முதலில் டீ கேட்க வேண்டும்.

நாள் 238 – 11:
கையில் டப்பா என்று எழுதியிருக்கிறது. என் எழுத்துதான். எதற்கென்று யோசித்தேன். காற்றுக்கு.
பேனலைப் பார்த்தேன். காற்று நலம் என்கிறது. பச்சை.
அப்படியென்றால் மோட்டார் சரியாகிவிட்டது. நானே சரிசெய்திருப்பேன். எப்போது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் சொல்கிறது, ஐடிஐ படித்தவன் எதிர்த்துப் பேசக் கூடாது.
இருப்பது ஒரே டப்பா. வீணாக்க வேண்டாம். அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டேன். கொஞ்சம் படுக்கிறேன்.

நாள் 238 –
காற்று நலம்
காற்று நல