கால்வாய்க் கரையில் கத்திய கார்

அன்பு மகன் எர்மெக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் மனைவி ஜிபார், உன் மகள் ஐசுலு மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடுகிறோம். உடம்பை மட்டும்தான் சொல்கிறேன், மற்றதற்குப் பிறகு வருகிறேன். நீயும் அந்தக் கொரியாக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அம்மா பேனா பிடித்து எழுதுகிறாளே, யாராவது போய்விட்டார்களோ என்று பதறாதே. யாரும் போகவில்லை. போகப் பார்க்கிறாள் ஒருத்தி, அதுவும் என்னால்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதி வழியிலேயே உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு நான் நழுவிவிடுவேன் என்கிறாள் உன் மனைவி. அவள் சொல்வது சரி. கல்யாண விருந்துகளில் மைக் பிடித்தே உன்னை வளர்த்தவள் நான். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் மரியாதைக்கு வைக்கும் ஆட்டுத் தலை யாருக்கு என்று முறைத்துக்கொண்டு நின்றால்கூட இரண்டு வார்த்தையில் கட்டிப்பிடிக்க வைத்துவிடுவேன். அந்த வித்தை இந்த விஷயத்தில் ஆகாது என்பதால்தான் எழுதுகிறேன். கீழ்வீட்டு சோனுனின் தம்பி உன் ஊருக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே உலர்ந்த தயிர் உருண்டையும் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படி, உருண்டையைத் தின்றுவிடாதே. படித்து முடித்ததும் என் மேல் எறிய உனக்கு ஏதாவது வேண்டியிருக்கும்.

பிஷ்கெக்கில் பனி கொட்டித் தீர்க்கிறது, கரிப்புகையில் எதிர்க் கட்டிடமே தெரியவில்லை. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, டாக்டர் வாயைத் திறங்க என்றதற்குப் பதில் கொஞ்சம் மூடுங்க என்று கெஞ்சினார். ஐசுலு இப்போது கண்ணாடி முன் நின்று என்னைப் போலவே கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு விருந்தினரை வரவேற்கிறாள். நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கார்தான் இன்னும் நம் முற்றத்தின் பேச்சு. பெட்ரோலும் குடிக்கும், கரண்டும் குடிக்கும், இரண்டு வயிறு என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து தொங்கவிட்டிருக்கும் சார்ஜ் வயர் சோனுனின் ஜன்னலை உரசிக்கொண்டுதான் போகிறது. அவள் அதில் காலுறை காயப்போடுகிறாள். கேட்டால், உங்க கரண்டு காருக்கு மட்டும்தானா அனார்கான், என் காலுக்கு ஆகாதா என்கிறாள். சரி, ஊர்க்கதை போதும். நீ விட்டுப் போன பழைய போனைப் பற்றித்தான் எழுத வேண்டும், கை அதைச் சுற்றியே ஓடுகிறது.

சீனாவிலிருந்து வந்த கார், சீனாக்காரனின் செயலி, கார்ச் சந்தையில் விற்றவன் தன் கணக்கில் அந்த ஒரு போனில் மட்டும் ஏற்றிக் கொடுத்தான், வேறு போனில் போட்டால் இதை வெளியே தள்ளிவிடும் என்று நீயே சொல்லித்தான் போனாய். அதனால் மூலையில் விரிசல் விழுந்த அந்தப் போன் சமையலறை ஜன்னல் மேடையில் எப்போதும் சார்ஜில் கிடக்கும். காலையில் ஜிபார் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, அபா என்று அம்மா முறை வைத்துக் கூப்பிட்டு, காருக்குக் கொஞ்சம் சூடு போடுங்களேன் என்பாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி, காற்றாடிப் படத்தை அழுத்துவேன். கீழே கார் கண் சிமிட்டும். அவள் இறங்கிப் போவதற்குள் கண்ணாடியில் பனி உருகியிருக்கும். எழுத்து ஒன்றும் புரியாவிட்டாலும் படங்கள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. காற்றாடி என்றால் சூடு, பூட்டு என்றால் பூட்டு, ஊதுகுழல் என்றால் ஹாரன், கூட்டத்தில் நிறுத்திய காரைத் தேடுவதற்கு. கடைசியில் ஒரு சிவப்புப் புள்ளி, அது கார் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டும்.

அந்தச் சிவப்புப் புள்ளிதான் என்னைக் கெடுத்தது. ஆரம்பத்தில் நல்ல எண்ணம்தான், நம்பு. அவள் கார் பள்ளிக்கூடத் திருப்பம் வந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்தால், அவள் கை கழுவி உட்காரும்போது இறைச்சிக் கொழுக்கட்டை சுடச்சுடத் தயாராக இருக்கும். அதற்காகப் பார்த்தேன். பிறகு கொழுக்கட்டை செய்யாத நாளிலும் பார்த்தேன். பிறகு டிவித் தொடரை விட்டுவிட்டு இதையே பார்க்க ஆரம்பித்தேன், விளம்பர இடைவேளைகூடக் கிடையாது பார். அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது, வேலை முடிந்ததும் கார் நேரே வீட்டுக்கு வருவதில்லை. பெரிய கால்வாய்க் கரையில், நெட்டிலிங்க மரங்கள் பக்கம் போய் நின்றுவிடுகிறது. புள்ளி அசைவதே இல்லை. நெடுநேரம் கழித்துத்தான் வீடு வருவாள். ஏன் தாமதம் என்றால், வார்டில் வேலை அபா என்பாள், கண்ணைப் பார்க்காமல்.

நான் நேரே கேட்டிருக்கலாம். உன் அம்மாவுக்கு நேர்வழி என்றைக்குத் தெரியும்? மாடிப்படி இறங்கி சோனுனிடம் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டே, புருஷன் ஊர்ல இல்ல, மரத்தடியில கார் நிக்குது, இதுக்கு ஜோசியக்காரன் வேற வேணுமா என்றாள். சீ, வாயைக் கழுவு என்றேன். சொன்னேனே தவிர, எழுந்து வரவில்லை, உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டேன். மறுநாளே இருவரும் வேன் பிடித்து அங்கே போனோம். பழைய போன் என் கோட்டுப் பையில் இருந்தது. கரையில் சம்சா சுடும் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். இரண்டு தடித்த பெண்கள் ஒரு சின்னக் கடைக்குப் பின்னால் ஒளிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள். கடைக்காரன், அக்கா, வாங்குறதுன்னா முன்னாடி வாங்க, திருடுறதுன்னா சீக்கிரம் திருடிட்டுப் போங்க, புகை கண்ணுல படும் என்றான். கார் நின்றது, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் சத்தமும் இல்லை, பாட்டரிச் சூட்டில் சும்மா நின்றது. சோனுன் என் முழங்கையை இடித்து, அந்த ஊதுகுழலை அழுத்து, உள்ள இருக்கிறவங்க வெளிய வராம எங்க போவாங்க என்றாள். அழுத்தினேன்.

எர்மெக், அந்தக் கார் கத்தின கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னின. கதவைத் திறந்துகொண்டு ஜிபார் வெளியே வந்து விழுந்தாள். தனியாக. ஒரு காலில்தான் பூட்ஸ். பனியில் மற்றக் கால் வெறும் காலுறையோடு. தலைமுடி அவிழ்ந்து, கன்னத்தில் ஐசுலுவின் குட்டித் தலையணைத் தையல் அப்படியே பதிந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். நான்கு பக்கமும் மலங்க மலங்கப் பார்த்தாள், காரை யாரோ திருட வந்தார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. அப்புறம் காரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அப்போதே. உள்ளே ஏறி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேள். கடைக்குப் பின்னாலேயே குனிந்து நடந்து, வேன் ஏறி, அவளுக்கு முன்னால் வீடு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்றேன்.

இதுவரை நடந்ததைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் நடந்ததுதான் என்னைத் தின்கிறது. ஜிபார் தேநீர் ஊற்ற உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல், இன்னைக்கு காரு தானா கத்துச்சு அபா, அந்தப் போனு உங்ககிட்டதானே இருக்கு என்றாள். நான் ரொட்டியைப் பிய்த்தேன். உங்க மகன் என்னைப் பார்த்துக்கச் சொன்னாரா என்றாள். உன் பெயரை அவள் சொல்ல மாட்டாளே, அது உனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு சொல் போதும். நானூறு பேர் நடுவில் மூச்சு விடாமல் பேசுகிற இந்த வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை. பழி உன் பக்கம் போகிறது, போனால் போகட்டும், நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய் என்று நினைத்தேன் போலிருக்கிறது. என் மௌனத்தை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். தேநீரைக் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றி என் முன்னால் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாதிக் கிண்ணத்துக்கு மேல் எனக்கு ஊற்றியதே இல்லை அவள். இன்னும் உட்காருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்பதுதானே பாதிக் கிண்ணம். முழுக் கிண்ணம் வைத்தால் என்ன அர்த்தம் என்று எந்த வீட்டிலும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். என் வீட்டில், என் மேசையில், எனக்கு. கை சுட்டது, தளும்பியது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அன்றிலிருந்துதான் அவள் உன் போனை எடுக்கவில்லை. நீ என்னைக் கேட்டபோது பனியில் டவர் சரியில்லை என்றேன், பிறகு அவளுக்குத் தலைவலி என்றேன், பிறகு ராத்திரி வேலை என்றேன். மூன்றும் பொய். நீயும் என் பிள்ளைதானே, ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, வசந்தத்துக்கு வரவில்லை, ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்கிறேன் என்று அவளுக்கு எழுதிப் போட்டுவிட்டாய். அதைப் படித்துவிட்டு அலமாரி மேலிருந்த பெரிய பையை இறக்கினாள். நாரினில் இருக்கும் அவள் தாய்வீட்டுக்கு. ஐசுலுவின் கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்தேன். அவள் உன்னைச் சந்தேகக்காரன் என்று நினைக்கிறாள், நீ அவளை நன்றி கெட்டவள் என்று நினைக்கிறாய், நடுவில் ஒருத்தி வெங்காயம் நறுக்குகிறாள்.

நேற்றுக் காலை அவள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் இறங்கிப் போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு மைக் பிடிக்கத்தான் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று ஆரம்பித்தேன், அவள் சிரிக்கவில்லை, அதனால் நேரே சொன்னேன். எர்மெக்குக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் பார்த்தேன், நான்தான் பேசாமல் இருந்து அவன் தலையில் போட்டேன் என்று. அவள் வெகுநேரம் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே படுத்துத் தூங்கக் கூடாதா மகளே, யார் வேண்டாம் என்றது என்று கேட்டேன். அப்போது சொன்னாள், வீட்டுல நான் மருமக அபா, நீங்க உள்ள வந்தா எழுந்திருக்கணும், யாராவது கதவைத் தட்டினா தேநீர் வைக்கணும், தூங்கினாலும் ஒரு காது முழிச்சிட்டே இருக்கும், கார்லதான் ரெண்டு காதும் தூங்குது என்றாள். நீங்க காலையில சூடு போட்டு வைப்பீங்களே, அதுல ஏறி உட்காரும்போதெல்லாம் எங்கம்மா நெனப்பு வரும், அதே போன்லயா அபா என்னைப் பார்த்துட்டிருந்தீங்க என்றாள். கடைசியில், எங்கிட்ட சொன்னது சரி, அவருக்கும் தெரியணும், எழுதுங்க என்றாள். பை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. அவள் அதைப் பிரிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. நானும் தொடவில்லை.

பழைய போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது அவளே சூடு போட்டுக்கொள்கிறாள். கார் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, இன்னும் கை ஜன்னல் மேடைக்குப் போகிறது, போய்த் தடவிவிட்டுத் திரும்பி வருகிறது, வெட்கம் கெட்ட கை. மகனே, நீ செய்ய வேண்டியது இதுதான். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், நான் எங்கும் ஓடிவிடமாட்டேன். அவளைக் கூப்பிடு. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல், அப்புறம் ஒப்பந்தம் பற்றி எழுதியதற்கு உன் வாயாலேயே மன்னிப்புக் கேள். வேடிக்கை பேசாதே, உனக்கும் என் நாக்குத்தான், அது உதவாது. அவள் அழுதால் அழட்டும், நடுவில் புகுந்து சமாதானம் செய்யாதே. அவள் வேலை விட்டு வரும் நேரம் பார்த்துக் கூப்பிடு, கால்வாய்க் கரையோ வேறு எந்தக் கரையோ, அவளே சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் விட்டுவிடு.

அல்லாஹ் உன் கையையும் கண்ணையும் அந்தத் தொழிற்சாலை எந்திரங்களிடமிருந்து காப்பாற்றட்டும், உன் வழியில் பனி இல்லாமல் இருக்கட்டும், உன் குடும்பம் உடையாமல் இருக்கட்டும். மறக்காமல் மார்புக்குக் கம்பளி போடு, இருமல் வந்தால் வெந்நீரில் வெண்ணெய் போட்டுக் குடி.

ஒன்று விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் இரண்டாவது தடவை எழுதியது. முதலில் எழுதியதை மடித்து, படிச்சுப் பார்க்கிறியா மகளே என்று ஜிபாரிடம் நீட்டினேன். மாவுக் கையோடு இருந்தாள். வேண்டாம் அபா, நீங்க சரியாத்தான் எழுதியிருப்பீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதில் நான், சோனுன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஹாரனை அழுத்திவிட்டாள் என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்து இதை எழுதினேன்.

உன் அம்மா,
அனார்கான்