பஸ் நேரப்படி எழுதின பட்டியல்

ஜெனுஷா மகள்,

நான் கடலுக்குப் போறன். நீ நல்ல நித்திரை, எழுப்பேல்லை. குசினியில புட்டும் சூடை மீன் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். நேற்றுக் கோவத்தில சாப்பிடாமல் படுத்திட்டாய், இண்டைக்கு வடிவாச் சாப்பிடு.

கம்பஸ் விண்ணப்பத்துக்கு எந்த ஊர்க் கம்பஸ் முதலாவது, எது கடைசி எண்டு நான் எழுதித் தந்த பட்டியல் பஸ் நேரப்படி எழுதினதுதான். வவுனியா கிட்ட எண்டு முதலாவது, மாத்தறை ஆகத் தூரம் எண்டு கடைசி. நீ ஏன் அழுதனீ எண்டு எனக்கு விளங்கேல்லை. நீ கதவைச் சாத்தினாப் பிறகு உனக்குப் படிப்பிச்ச மில்ரன் மாஸ்டரிட்டப் போய்க் கேட்டனான். மனுசன் சிரிச்சுப்போட்டு, "பஸ்ரியன், இது பஸ் ஸ்ராண்ட் இல்லை. பிள்ளை ஆகலும் விரும்புற படிப்பைத்தான் முதலாவதாப் போடவேணும்" எண்டார்.

கடலோட மாரடிக்காத எண்டு சொல்லித்தான் உன்னைப் படிப்பிச்சனான். நீ கடலையே படிக்கப்போறன் எண்டுறாய், அந்தப் படிப்பு மாத்தறையிலதான் இருக்காம். சரி, படி. மாத்தறையை மேல போட்டுப் புதுத் தாளில எழுதிக் கதிரையில வைச்சிருக்கிறன். இண்டைக்குத்தான் கடைசி நாள். மாஸ்டர் பத்து மணிக்கு வருவார், அவரை வைச்சுக்கொண்டு அனுப்பு. தேத்தண்ணி ஊத்திக் குடு.

அப்பா

மாத்தறைக்கு எத்தனை பஸ் மாறவேணும் எண்டும் விசாரிச்சிட்டன். முதல் தரம் நானும் கூட வருவன், வேண்டாம் எண்டு சொல்லாத.

இன்னுமொண்டு. அந்தோனியாரிட்ட நான் வவுனியா கிடைக்கவேணும் எண்டுதான் நேர்த்தி வைச்சனான். போற வழியில கோயிலுக்குப் போய், ஊரை மாத்திச் சொல்லிப்போட்டுப் போறன்.