கொட்டாங்கச்சி ஒப்பந்தம்

தொம்மலூர், பெங்களூரு
4 அக்டோபர் 2025

அன்புள்ள மௌரீன்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று சமையலறையில் காலால் தாளம் தட்டும் டாப் டான்ஸ் ஆடி, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "ஏனாய்த்து அக்கா?" என்று கன்னடத்தில் பதறினார். "ஒண்ணுமில்லப்பா, ஹாலிவுட்" என்றேன். அடியில் இரும்புத் தகடு வைத்த புதுக் காலணி, வழவழத் தரை. "இந்த வயசுல ஆடணும்னா கட்டில்ல உக்காந்து ஆடேன்" என்கிறார் என் வீட்டுக்காரர்.

டிசம்பரில் நம் பள்ளிப் பழைய மாணவியர் விழாவுக்கு நீ வருகிறாயாமே! இந்த முறை ஆடப்போவது நான்.

அன்புடன்,
தனக்கோடி

பெர்த்
9 அக்டோபர்

என் செல்லக் கோடி,

சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் இதென்ன புது வழக்கம்? பள்ளி நாளில் ஞாயிறு காலைக் காட்சியில் பழைய ஹாலிவுட் ஆட்டபாட்டப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் கார் ஷெட்டில் 'மௌரீன் ஸ்டுடியோ' நடத்தினோமே! முன்னால் நான் ஆடுவேன். திரைக்குப் பின்னால் நீ பலகையில் கொட்டாங்கச்சியைத் தட்டிக் காலடிச் சத்தம் கொடுப்பாய். ஹாலிவுட்டிலும் அப்படித்தானே நடந்தது? ஒருத்தி வாயசைப்பாள், இன்னொருத்தி பாடுவாள். காலடிச் சத்தத்தைக்கூடத் தனியாகப் பதிவு செய்து ஒட்டுவார்கள்.

அந்த ஏற்பாடே இருக்கட்டும். மருமகள் லவினா எனக்கு வெள்ளி நிறப் பாவாடை தைத்துவிட்டாள்.

உன்
மௌரீன்

தொம்மலூர்
11 அக்டோபர்

ஸ்டுடியோ முதலாளியம்மா அவர்களுக்கு,

அந்த ஸ்டுடியோக்காரர்களே ஏழு வருடத்துக்குத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். நீ என்னை நாற்பது வருடமாக வைத்திருக்கிறாய். உனக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டுக்கொண்டே கொட்டாங்கச்சி பொறுக்கியது போதும். முட்டி வீங்கினாலும் சரி, நீ கோபித்துக்கொண்டு வராவிட்டாலும் சரி, ஆடுவேன். பெயர் கொடுத்தாயிற்று. நீ பாவாடையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்.

இன்னமும் உன் தோழி,
தனக்கோடி

பெர்த்
30 அக்டோபர்

கோடி,

சரி. ஆடு. உட்காருகிறேன்.

மௌரீன்

தொம்மலூர்
22 டிசம்பர்

அன்புள்ள மௌரீன்,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா?

மேடையேறியதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. எங்கே நிற்கிறேன், எதன்மேல் நிற்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கால் ஏமாற்றவில்லையடி! டக்கு டக்கு டகடக என்று கடைசி வரிசைவரை கேட்டதாம். நம் வகுப்புச் சொர்ணம் வாயில் போட்ட போண்டாவை மெல்ல மறந்துவிட்டாள். "இத்தன நாளா இந்தக் காலை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்று கேட்டாள். உன் கார் ஷெட்டில் என்றேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. கண் சற்றுத் தெளிந்ததும் முன்வரிசையைப் பார்த்தேன். உன் நாற்காலி காலி. முடிந்தபிறகு எங்கிருந்தோ வந்து கட்டிக்கொண்டு, நான் கேட்பதற்குள் கிளம்பிவிட்டாய். வெள்ளிப் பாவாடை முழுக்கத் தேங்காய் நார். நான் ஆடுகிற நேரம் பார்த்துச் சமையற்கட்டில் பலகாரம் தின்றுகொண்டிருந்தாயா? அவ்வளவு பொறாமையா? நீ பதில் சொல்லும்வரை உனக்கு இனி ஒரு வரி எழுதமாட்டேன்.

தனக்கோடி

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்கு முன் வீட்டுக்காரர் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். மேடை முழுக்கத் தடித்த கம்பளம் விரித்திருக்கிறார்கள். டகடகவென்று கேட்டது என் கால் இல்லையடி.