மேரி அக்கா மகளுக்கு வந்த மெயில்

2004, ஆடி, புதன்

ஆபீசுல மெயில் லேட்டா வருதுன்னு, அதைப் பார்த்துக்கிற என்கிட்ட மேனேஜர் போன வாரம் சத்தம் போட்டார். ஒவ்வொரு மெயிலுக்கும், குப்பை மெயிலைப் பிரிக்கிற ஃபில்டரோட புது இணைப்பு போடாம, ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துற மாதிரி மாத்தினேன். வேகமாச்சு. ஆனா ஃபில்டர் முந்தின மெயிலை மறக்கல. குப்பை மெயிலுக்கு அடுத்து வந்த நல்ல மெயிலையும் குப்பைன்னு தள்ளியிருக்கு. இன்னைக்குத்தான் பார்த்தேன்.

அதுல ஒண்ணு, கணக்குப் பிரிவு மேரி அக்காவோட மகள் ஸ்டெல்லாவுக்கு வந்த இன்டர்வியூ அழைப்பு. வீட்டுல கம்ப்யூட்டர் இல்லாததால அக்காவோட ஆபீஸ் மெயில் முகவரி கொடுத்திருந்தாங்க. இன்டர்வியூ நேத்தே முடிஞ்சிடுச்சு.

"தெனம் மெயில் வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாப்பா. நீயே வந்து சொல்லு, என்னால முடியாது"ன்னாங்க அக்கா.

சாயந்திரம் சின்ன காஞ்சிபுரத்துல அவங்க வீட்டுக்குப் போனேன். மெயில் வந்திருக்குதுன்னு ஆரம்பிச்சேன்.

"என்னைக் கூப்பிட்டாங்களா அண்ணா?" ஸ்டெல்லா முகமெல்லாம் சிரிப்பு. "எப்போ போகணும்?"