கஞ்சி தெளித்த கடல் மண்

என் ஆசை அண்ணாவுக்கு,

ஹாஸ்டலிலிருந்து எழுதும்போது இப்படித்தான் ஆரம்பிப்பேன். பழக்க தோஷம், எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. ஆனால் இது ஆசையில் எழுதும் கடிதமில்லை. நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இந்த எண்பதுகள் பிறந்த புதிதில் நான் தொண்டிக் கடலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அங்கே கரையோரத் தண்ணீருக்கு அடியில் புல் வளர்கிறது. காற்றிலிருந்து கடலில் கரைகிற கார்பனை அது இழுத்து, வேரோடு சேற்றில் புதைத்து வைக்கிறது. வலை வந்து புல்லைப் பிய்த்தால் புதைந்தது மறுபடி வெளியேறுகிறது. எவ்வளவு புதைகிறது, எவ்வளவு போகிறது என்று அளப்பதுதான் என் வேலை. குழாயை அடித்து இறக்கிச் சேற்றை எடுப்பேன், காய வைத்து எடை போடுவேன், பிறகு சென்னையில் உலையில் வைத்து எரிப்பேன். எரிந்து குறைகிற எடையிலிருந்து கார்பனைக் கணக்கிடுவோம்.

அந்தப் பொங்கலுக்குக் காய்ந்த மண் பொட்டலங்களோடு நம் ஊர் சேவூருக்கு வந்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஈர எடை, காய்ந்த எடை இரண்டையும் எழுதியிருந்தேன். நீ தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தாய்.

“இன்னா பாப்பா, இவ்ளோ கொறைஞ்சிகினு கீது? உங்க சாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“தண்ணிதான்ணா போயிருக்குது. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“எடை கொறைஞ்சா சும்மா வுடுற மொதலாளி எந்த ஊர்ல கீறான்?” என்றாய். நான் சிரித்தேன்.

நம் தெருவில் முதலாளி பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார், சேலையை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் திருட்டு என்பார், கூலியில் பிடிப்பார். அதற்குப் பயந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டு எடையைச் சரிக்கட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. வெளியே மூச்சு விடுவதில்லை. நானும் அண்ணியும் படவேட்டுக் கோயிலுக்குப் போன அன்று, நீ என் பொட்டலங்களைப் பிரித்து, மண்ணில் அரிசிக் கஞ்சி தெளித்து, காய வைத்து, முன்போலவே மடித்து வைத்தாய்.

உலையில் கஞ்சி மிச்சமில்லாமல் எரிந்துபோகும், அண்ணா. உலைக்கு ஒரு சிட்டிகையைத்தான் எடுத்து எடை போடுவோம், அதனால் பொட்டலம் கனத்தது எனக்குத் தெரியவில்லை. கஞ்சி அத்தனையும் கார்பன் கணக்கில் ஏறியது. எந்தச் சேற்றிலும் இல்லாத அளவு என் சேற்றில் காட்டியது. என் பேராசிரியர் அதைப் பெரிய சபையில் வாசித்தார். பிறகு இன்னொருவர் அதே இடத்தில் மண் எடுத்து அளந்தார், பாதிகூட வரவில்லை. “பேர் வாங்கறதுக்காக நம்பரை ஜோடிச்சியாம்மா?” என்று பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதபோதுதான் நீ வாயைத் திறந்தாய். “எடைய நான்தான் சரி பண்ணி வெச்சேன், உனக்கு பேஜார் வரக் கூடாதுன்னு.”

சென்னைக்கு வந்து இதையே அவரிடம் சொல் என்று கெஞ்சினேன். “அத மட்டும் கேக்காத. வாய மூடிகினு வேற வேலயப் பாரு.” காரணம் சொல்லவில்லை. நான் தனியாகப் போய்ச் சொன்னேன், சிரித்தார்கள். ஆராய்ச்சி போனது. வேலூரில் டுட்டோரியலில் பாடம் நடத்தினேன். நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீ ஒரு தடவையாவது பஸ் ஏறி வந்திருக்கலாம் இல்லையா?

உன் காரியத்துக்கு வந்தபோது அண்ணி சொன்னாள்: “அவரு சொல்லியிருந்தா கஞ்சி வெசயம் மொதலாளி காதுக்குப் போயிருக்கும். தெருவே அடுப்பு எரியாம கெடக்கும்னு பயந்தாரு பாப்பா.”

கேட்டதும் நான் இளகிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு இன்னும் கொதித்தது. தெருவைக் காப்பாற்றினாய், சரி. நானும் அந்தத் தெருவில் பிறந்தவள்தானே? என்னிடம் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்?

போன வாரம் தெருவில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் அன்று எடை போட்டுக் கொடுத்த நூலை அவர் வாசலிலேயே வெயிலில் விரித்தேன்.

“இன்னாம்மா இது, பட்ட கருவாடு மாதிரி காய வெக்கிற?”

“வெயில் தாழட்டுங்க, உங்க தராசுலயே போட்டுப் பாக்கலாம்.”

போட்டார். குறைந்தது. யாரும் தொடாத நூல், அவர் கண்ணெதிரில் இருந்த நூல். இத்தனை வருஷமாக நம் வீடுகளில் திருடு போனது அவர் நூலிலிருந்த ஈரம்தான். “இனிமே காய வெச்சே எடை போட்டுக் குடுங்க” என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பும் வழியில் எதிர்வீட்டுப் பெரியவர் என்னிடம், “இனிமே அந்தக் கஞ்சி யாருக்கும் தேவ இல்ல. நீ யார்கிட்ட வேணா சொல்லிக்கோமா” என்றார். அதனால்தான் இதை இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

அரை நாள் வேலை, அண்ணா. இதற்காகவா என்னைப் பொய்க்காரியாக அலைய விட்டாய்? போவது தண்ணீர்தான் என்று அன்றைக்கே உன் முகத்துக்கு நேராகச் சொன்னேனே.

அடுத்த மாதம் தொண்டிக்குப் போகிறேன். அதே இடத்தில் மண் எடுப்பேன், அதே பேராசிரியர் கண்முன் எரிப்பேன். வருகிற கணக்கோடு, பழைய கணக்கு ஏன் தப்பியது என்பதையும் உன் பெயர் போட்டு எழுதுவேன். அன்று மாலை வந்து உன் படத்துக்கு விளக்கேற்றுகிறேன். அதுவரை அண்ணி ஏற்றட்டும்.

நீ சொல்லாததைச் சொல்லக் கிளம்பிவிட்ட
உன் தங்கை