நண்டு லெட்டர்

சார்,

இன்று காலை கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் நண்டு வாங்கினேன், பதினெட்டு வருஷம் கழித்து. கழுவ உட்கார்ந்ததும் அந்த உப்பு வாடை மூக்கில் ஏறியது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். நேற்றுத்தான் இரும்புலியூர் மண்டபத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டோம். போனவர்மேல் இன்னும் என்ன கோபம் என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கென்ன, நண்டு வாளியோடு பஸ்ஸில் அலைந்தவரா அவர்?

தாம்பரத்தில் உங்கள் லேபில் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்த வருஷம், வாரத்தில் இரண்டு நாள் முதல் பஸ்ஸில் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போவேன். படகு கரையேறும் நேரத்தில் நின்று, கால் முறியாத உயிர் நண்டாகப் பார்த்து எடுத்து, வாளியை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு திரும்புவேன். கண்டக்டருக்கு என்னைக் கண்டாலே பேஜார். “இன்னாமா, இன்னிக்கும் நண்டா? எவன் காலையாவது புடிச்சுகினா யாரு பதில் சொல்றது? பின்னாடி போய் குந்து” என்பார். தாம்பரம் வரும்வரை சாக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே வருவேன். நீங்கள் ஒரு நாளும் கோவளம் வந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொய் சொல்ல மாட்டேன். நண்டின் இரைப்பையை ஆட்டுவிக்கும் அந்தச் சின்ன நரம்பு முடிச்சை முதன்முதலில் எனக்குக் காட்டியவர் நீங்கள்தான். உடம்பிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்த பிறகும் அது தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு, “கேளும்மா, வயிறே இல்லை, ஆனா தாளம் மட்டும் விடலை” என்றீர்கள். வாழ்க்கை முழுக்க இதைத்தான் செய்யப் போகிறேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். எந்த நரம்பணுவில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்ப்பது என் பங்கு. அந்தத் துடிப்பைக் கணினியில் கணக்காகக் கட்டுவது முரளியின் பங்கு. முரளி என் வகுப்புத் தோழன், உங்கள் நெருங்கிய நண்பரின் மகன். நண்டைக் கண்டால் இரண்டடி தள்ளியே நிற்பான்.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் முனைவர் படிப்பு எனக்குத் தெரிந்து வெளியூரில் ஒரு நிறுவனத்தில்தான் இருந்தது. சில இடங்கள்தான். கைடின் பரிந்துரைக் கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். உங்களிடம் வந்து நின்றேன். தலையை நிமிர்த்தாமலே, “நீயே டிராஃப்ட் பண்ணிக் கொண்டாம்மா, நான் சைன் போட்டுடறேன்” என்றீர்கள். பல இடங்களில் இதுதான் வழக்கம் என்பதால் எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. என்னைப் பற்றி நானே நல்ல வார்த்தை எழுதத்தான் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘விடியும் வேளையில் கோவளம் கரையில் நின்று உயிர் நண்டை இவரே தேர்ந்தெடுத்து வருவார். ஒரு நரம்பு அறுந்தாலும் அலுக்காமல் முதலிலிருந்து தொடங்குவார். பிறர் உழைப்பைத் தன்னுடையது என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். இவருக்கு உங்களிடம் ஓர் இடம் தரும்படி வேண்டுகிறேன்.’ நீங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டீர்கள்.

நேர்காணல் அறையில் இரண்டு கடிதங்களை அருகருகே வைத்திருந்தார்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று முரளியுடையது. பெயரையும் ஆண், பெண் என்பதையும் தவிர எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டு, இதை யார் எழுதியது என்று கேட்டார்கள். சார்தான் எழுதினார் என்றான் முரளி. “நான்தான் எழுதினேன்” என்றேன் நான். உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பிய வயது. தனக்குத்தானே பரிந்துரை எழுதிக்கொண்டவளா என்று முகம் சுளித்து, என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். மறுபடி கூப்பிடவே இல்லை. முரளிக்கு இடம் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் நேரே உங்கள் அறைக்கு வந்தேன். ஒரே ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, “நீ எழுதினேன்னு உன்னை யாரும்மா சொல்லச் சொன்னா? ஒரு லெட்டர்தானே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் விடு” என்றீர்கள். அடுத்த வருஷமும் உங்கள் கையெழுத்துதானே வேண்டும்? உங்கள் முன்னால் மறுபடி வந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை. பி.எட். முடித்துப் பள்ளியில் விலங்கியல் டீச்சர் ஆனேன். நரம்பு மண்டலப் பாடம் நடத்தும்போது மட்டும் மிஸ் காரணமில்லாமல் திட்டுவார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆசிரியர் பயிற்சியில் உங்கள் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். “சார்கிட்ட ஒரு நண்டு லெட்டர் இருக்கும்க்கா. பேரை மட்டும் மாத்தி டைப் பண்ணிக் கொடுத்தா சைன் போட்டுடுவார். எல்லா பேட்சுக்கும் அதுதான்” என்று சிரித்தாள். கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தொடாதவர்கள்கூட உங்கள் புண்ணியத்தில் கோவளத்தில் நண்டு பொறுக்கியிருக்கிறார்கள். நானும் அவளோடு சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன வாரம் முரளி கூப்பிட்டான். இப்போது உங்கள் நாற்காலியில் இருப்பவன் அவன்தான். நினைவுக் கூட்டத்தில் மாணவர்கள் எல்லார் சார்பிலும் ஒரு பக்கம் வாசிக்க வேண்டுமாம். “நீ டிராஃப்ட் பண்ணி அனுப்பிடு கல்பனா, நான் வாசிச்சுடறேன்” என்றான். உங்களிடம் கற்றதை மறக்காதவன். சரி என்றேன். பழைய ஃபைலைத் தேடி என் கடிதத்தை எடுத்தேன். என் பெயர் இருந்த இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு, பெண்ணை ஆணாக்கினேன். வேறு ஒரு சொல்லையும் தொடவில்லை.

முரளி அதை முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. அதிலும் அவன் உங்கள் மாணவன்தான். மைக்கில் கோவளம் என்ற பெயர் வந்ததும் மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள். உயிர் நண்டு வந்ததும் தலைகள் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்த மாணவர்கள் அத்தனை பேர் கையிலும் ஒரு காலத்தில் அந்தத் தாள் இருந்திருக்கிறது. முரளியின் குரல் இறங்கிவிட்டது. நிறுத்தவும் வழியில்லை, முன்வரிசையில் உங்கள் வீட்டார். பிறர் உழைப்பு பற்றிய வரியைத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படித்தான். ஓர் இடம் தரும்படி வேண்டியபோது பின்னால் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். உங்கள் மனைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஒன்றுதான் எனக்குச் சுருக்கென்றது. மற்றபடி இனித்தது சார், மறைக்க மாட்டேன்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, உங்களிடம் கடைசியாகப் படித்த பெண் பக்கத்தில் வந்தாள். அவளும் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் அவள் பையிலேயே இருந்தது. மேடையில் வாசித்ததும் இதுவும் ஒன்றாக இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினாள்.

“மேடம், இதை யார் எழுதினது?”

“நான்தான் எழுதினேன்.”

அன்று சொன்ன அதே வார்த்தைதான். இந்த முறை யாரும் என்னை வெளியே உட்காரச் சொல்லவில்லை. அவள் தாளை நான்காக மடித்தாள். பிறகு, தன்னோடு வேலை செய்த வேறு ஒருவரிடம் தன்னைப் பற்றியே ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அதை என் கையில் கொடுத்தாள்.

இன்று நண்டைச் சுத்தம் செய்து முடித்ததும் அந்தத் தாளை எடுத்தேன். அடியில் உங்கள் கையெழுத்து இருந்த துண்டை மட்டும் கிழித்தேன். அது நண்டு ஓட்டோடு குப்பைக்குப் போனது. மேலே இருப்பதை வைத்துக்கொண்டேன், அது என்னுடையது.